உயரம் மாற்றும் ஹிட்ச் மவுண்ட்: டேப்பும் வெர்னியரும் வைத்துப் பார்த்த பிறகு

இது டிரெய்லர் இழுக்க வண்டியின் பின்னால் உள்ள சதுரக் குழாயில், அதாவது இரண்டு இன்ச் ரிசீவரில், சொருகும் எஃகு ஹிட்ச் மவுண்ட். டிரெய்லரை மாட்டும் பந்து உட்காரும் தலையை மேலும் கீழும் நகர்த்தி வேறு வேறு உயரத்தில் பூட்டிக்கொள்ளலாம். என்னிடம் இருப்பது ஒரு வண்டி, இரண்டு டிரெய்லர். ஒன்று சாமான் ஏற்றும் பெட்டி டிரெய்லர், மற்றது படகு டிரெய்லர். இரண்டின் கப்ளரும் (பந்தின் மேல் கவிழ்ந்து பூட்டிக்கொள்ளும் டிரெய்லர் முனை) ஒரே உயரத்தில் இல்லை, ஒரே அளவுப் பந்தும் கேட்பதில்லை. அதற்காகத்தான் இதை வாங்கினேன். மவுண்ட் தரமானது, தைரியமாக வாங்கலாம். ஆனால் அதே பெட்டியில் கூட வந்த பூட்டும், ஆட்டம் நிறுத்தும் கவ்வியும் என் வண்டிக்குச் சேரவில்லை. இரண்டுமே நல்ல பொருள்தான். அளவு ஒத்துவரவில்லை, அவ்வளவே. நான் பார்த்த விற்பனைப் பக்கங்களில் “இரண்டு இன்ச் ரிசீவருக்குப் பொருந்தும்” என்ற ஒரு வரியோடு முடித்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரிக்குப் பின்னால் இன்னும் எத்தனை அளவு இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் உயரம். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, வழக்கமாக ஏற்றும் சாமானையெல்லாம் ஏற்றி வைத்துவிட்டு அளந்தேன். தரையிலிருந்து ரிசீவர் குழாயின் உள்மேல் விளிம்பு வரை 545 மி.மீ. காலி வண்டியில் இதே அளவு 570. சாமான் ஏறினால் பின்பக்கம் 25 மி.மீ. அமுங்குகிறது. இந்த மவுண்டில் துளைக்குத் துளை இடைவெளியும் சரியாக ஒரு இன்ச்தான், அதாவது 25.4 மி.மீ. காலி வண்டியில் அளந்து துளையைத் தேர்ந்தெடுத்தால், பயணத்தன்று ஒரு துளை தவறாக இருக்கும்.

அப்புறம் டிரெய்லர். இழுவைச் சட்டத்தின் மேல் ரசமட்டத்தை வைத்து, முன்சக்கரக் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி குமிழி நடுவில் வரும்வரை கொண்டுவந்தேன். தம்பி டேப்பின் கீழ்முனையைத் தரையில் பிடித்துக்கொண்டான். “அண்ணா, கப்ளரோட அடி விளிம்பையா அளக்கிற?” என்று கேட்டான். பலரும் அப்படித்தான் அளக்கிறார்கள், கிட்டத்தட்டச் சரியாகவும் வரும். நான் கப்ளருக்குள் விரலை விட்டு, பந்தின் உச்சி போய்த் தொடும் உள்கூரையின் உயரத்தை எடுத்தேன். பெட்டி டிரெய்லரில் 505 மி.மீ., படகு டிரெய்லரில் 455 மி.மீ. நான் பொருத்தப்போகும் பந்துகள், உட்காரும் தளத்திலிருந்து உச்சி வரை 65 மி.மீ. அதைக் கழித்தால் தளம் இருக்க வேண்டிய உயரம் 440, 390. ரிசீவரின் 545-இலிருந்து இவற்றைக் கழித்தால் பெட்டி டிரெய்லருக்கு 105 மி.மீ. இறக்கம் வேண்டும், படகுக்கு 155. அதாவது நான்கு இன்ச், ஆறு இன்ச். இரண்டுமே இந்த மவுண்டில் துளை இருக்கும் இடங்கள்.

இங்கே தயாரிப்பாளரைப் பாராட்ட வேண்டும். பெட்டிக்குள் ஒரு வரைபடம் வைத்திருக்கிறார்கள். இறக்கத்தை எங்கிருந்து எங்கே அளந்தார்கள் என்று அதில் அம்புக்குறி போட்டுக் காட்டியிருக்கிறார்கள்: சொருகும் தண்டின் மேல்பரப்பிலிருந்து பந்துத் தளத்தின் மேல்பரப்பு வரை. நான் டேப் வைத்துப் பார்த்தபோதும் அப்படியே இருந்தது. வேறொரு மவுண்டின் விவரத்தில் தண்டின் நடுக்கோட்டிலிருந்து அளந்த கணக்கைப் போட்டிருந்தார்கள். இரண்டு இன்ச் தண்டில் நடுக்கோட்டுக்கும் மேல்பரப்புக்கும் ஒரு இன்ச் வித்தியாசம், அதாவது ஒரு துளை முழுசாக மாறிப்போகும்.

மட்டம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், டிரெய்லரின் மூக்கு தூக்கிக்கொண்டு ஓடினால் பந்தின் மேல் விழும் எடை குறைகிறது. அந்த எடை குறைந்தால் வேகத்தில் டிரெய்லர் வால் ஆட்ட ஆரம்பிக்கும். இரண்டு அச்சு உள்ள டிரெய்லரில் பின் அச்சின் மேல் பாரம் கூடிப்போகும், அந்த டயர்கள் சூடாகும். மட்டமாக இருப்பது நல்லது. இரண்டு துளைக்கு நடுவே மாட்டிக்கொண்டால் மூக்கு இம்மி தாழ்ந்திருக்கும் துளையை எடுங்கள்.

அடுத்தது பந்து. கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், நிறைய பேர் தடுக்கி விழும் இடம் இதுதான். என் பெட்டி டிரெய்லரின் கப்ளரில் 50 மி.மீ. என்று பொறித்திருக்கிறது. படகு டிரெய்லரில் இரண்டு இன்ச், அதாவது 50.8 மி.மீ. முக்கால் மில்லிமீட்டர் சொச்சம்தானே என்று தோன்றும். 50 மி.மீ. பந்தின் மேல் இரண்டு இன்ச் கப்ளரை மாட்டினால் பூட்டிக்கொள்ளும், ஓடவும் செய்யும். ஆனால் அந்த இடைவெளியில் மேலும் கீழும் தட்டிக்கொண்டே வரும். பெரிய மேடு பள்ளத்தில் கழன்று எழும்பும் ஆபத்து உண்டு. மாற்றிப் போட்டால், அதாவது இரண்டு இன்ச் பந்தின் மேல் 50 மி.மீ. கப்ளர் வைத்தால், பூட்டு முழுசாக இறங்காமல் பாதியில் நிற்கக்கூடும். பார்வைக்கு மாட்டியது போலவே இருக்கும் என்பதுதான் பயங்கரம்.

ஐஎஸ்ஓ 1103 தரத்தின்படி புது 50 மி.மீ. பந்தின் விட்டம் 50-ஐத் தாண்டக்கூடாது, 49.61-க்குக் கீழே போகவும் கூடாது. ஓடித் தேய்ந்து 49 மி.மீ.-க்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டியதுதான். வெர்னியரில் அளக்கும்போது குறுக்காக ஒருமுறை, வண்டியின் நீளவாக்கில் ஒருமுறை என்று இரண்டு திசையிலும் பாருங்கள். இழுப்பதும் பிரேக் போடும்போது தள்ளுவதும் நீளவாக்கில்தான் நடக்கின்றன, தேய்மானமும் அந்தப் பக்கமே அதிகம். என் பழைய பந்தில் குறுக்கே 49.7 காட்டியது, நீளவாக்கில் 49.2. ஒரு பக்கம் மட்டும் அளந்திருந்தால் புதுசு மாதிரியே தெரிந்திருக்கும்.

பந்தின் அடித்தண்டும் தனி அளவு. மவுண்டின் தளத்தில் ஒரு இன்ச் துளை போட்டிருக்கிறார்கள். என் இரண்டு இன்ச் பந்தின் மரைத்தண்டும் ஒரு இன்ச், சிக்கல் இல்லை. 50 மி.மீ. பந்துக்கு முக்கால் இன்ச் தண்டு, 19 மி.மீ. துளைக்குள் போட்டால் பக்கத்துக்கு மூன்று மில்லிமீட்டர் ஆடும். பெட்டியில் இதற்கென்று, அந்த இடைவெளியை நிரப்ப, ஒரு எஃகு புஷ் (குட்டிக் குழல்) கொடுத்திருக்கிறார்கள், அதில் கவனம் இருக்கிறது என்று தெரிகிறது. தளத்தின் தடிமன் 25 மி.மீ., புஷ்ஷின் நீளம் 24.5. தளத்தைவிட ஒரு முடி குறைவாக இருப்பதுதான் சரி; நீட்டிக்கொண்டிருந்தால் நட்டு புஷ்ஷைத்தான் இறுக்கும், தளத்தைப் பிடிக்காது. நட்டை முறுக்கிய பிறகு தண்டின் மரை நட்டுக்கு வெளியே எட்டிப் பார்க்க வேண்டும். தளம் தடிமனாக, தண்டு குட்டையாக இருந்தால் அது நடக்காது. எனவே பந்து வாங்கும்போது தண்டின் விட்டத்தோடு நீளத்தையும் கேளுங்கள். முறுக்கு அளவாகப் பல தயாரிப்பாளர்கள் தருவது முக்கால் இன்ச் தண்டுக்கு 217 நியூட்டன் மீட்டர், ஒரு இன்ச்சுக்கு 339. கையில் சாதாரண ஸ்பேனரை வைத்துக்கொண்டு முட்டி முட்டி இறுக்கினால் 339 வந்ததா இல்லையா என்று சொல்லவே முடியாது. நீளமான டார்க் ரெஞ்ச் வேண்டும்.

இப்போது சேராத பொருள்கள். மவுண்ட் கழன்று வராமல் ரிசீவருக்குக் குறுக்கே சொருகும் கம்பிதான் பின்; கூடவே வந்த பூட்டுப் பின் 15.9 மி.மீ. விட்டம், அதாவது ஐந்தெட்டு இன்ச். இரண்டு இன்ச் ரிசீவருக்கு அதுதான் சரியான விட்டம். (ஒன்றேகால் இன்ச் ரிசீவருக்கு அரை இன்ச் பின் வரும்.) விட்டம் சரி, நீளம்தான் தகராறு. இரண்டு இன்ச் ரிசீவர் குழாயின் வெளியகலம் இரண்டரை இன்ச், 63.5 மி.மீ. ஆனால் என் ரிசீவரின் வாயைச் சுற்றி வலுவுக்காக ஒரு தடித்த வளையம் பற்றவைத்திருக்கிறார்கள். பின் துளை அந்த வளையத்தின் மேலேயே இருக்கிறது, அங்கே வெளியகலம் 77 மி.மீ. பெட்டியில் வந்த பூட்டின் பயன்படும் நீளம் 70 மி.மீ. மறுபக்கம் பூட்டுத் தலை உட்காரும் பள்ளம் வெளியே வரவே இல்லை. 89 மி.மீ. நீளமுள்ள வேறு பூட்டு வாங்கித்தான் போட்டேன், அது சுகமாக உட்கார்ந்தது. மவுண்டுக்கு இவ்வளவு கருத்தாக வரைபடம் போட்டவர்கள், பூட்டின் பயன்படும் நீளத்தையும் அதே தாளில் ஒரு வரி எழுதியிருக்கலாம். பூட்டு வாங்குபவர் யாராக இருந்தாலும் ரிசீவரின் பின் துளை இருக்கும் இடத்தில், சரியாக அந்த இடத்தில், வெளியகலத்தை அளந்துகொண்டு போங்கள்.

ஆட்டம் நிறுத்தும் கவ்விக்கும் அதே வளையம்தான் வில்லன். யு வடிவ போல்ட்டும் ஒரு தட்டும் சேர்ந்தது அது. ரிசீவரையும் மவுண்டையும் சேர்த்துப் பிடித்து இறுக்குகிறது. தட்டு ரிசீவரின் அடிப்பரப்பிலும் மவுண்டின் அடிப்பரப்பிலும் ஒரே நேரத்தில் படிய வேண்டும். வளையம் புடைத்துக்கொண்டிருப்பதால் தட்டு சாய்ந்து, ஒரு மூலையில் மட்டும் தொடுகிறது. இறுக்கினால் போல்ட் வளைகிறது. இறுக்காமல் விட்டால் அது அங்கே இருப்பதில் அர்த்தமில்லை. வளையம் இல்லாத நேர்க்குழாய் ரிசீவருக்கு அருமையான பொருள், தட்டின் எஃகு நல்ல கனம். எனக்கு ஒத்துவருவது உள்ளே இருந்து தள்ளும் வகை: மவுண்டின் குழிவான தண்டுக்குள் ஒரு நட்டை வைத்து, பின்னுக்குப் பதிலாக மரையுள்ள போல்ட்டைப் போட்டு, தண்டை ரிசீவரின் ஒரு பக்கச் சுவரோடு இழுத்து ஒட்டவைக்கும். இந்த மவுண்டின் தண்டு திடமான எஃகு, குழிவு கிடையாது, எனவே அதுவும் வழியில்லை.

ஆட்டம் எவ்வளவு என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரிசீவரின் உள்ளளவு 51.6 மி.மீ., தண்டு 50.1. வித்தியாசம் ஒன்றரை மில்லிமீட்டர். இது குறையில்லை, சொருகி எடுக்க இவ்வளவு இடம் வேண்டும். ஆனால் பந்து, ரிசீவர் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்கிறது, அங்கே போய்ச் சேரும்போது அந்த ஆட்டம் இரட்டிப்பாகத் தெரியும். காலி டிரெய்லரோடு போகும்போது ‘டக் டக்’ சத்தம் கேட்கும். பாரம் ஏறினால் அடங்கிவிடும்.

நீளவாக்கு அளவுகளைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இதை வண்டியில் மாட்டிப் பார்த்த பிறகுதான் பலர் கவனிக்கிறார்கள். வரைபடத்தில் பின் துளையின் மையத்திலிருந்து, தலை ஏறி இறங்கும் செங்குத்துத் தூண் தொடங்கும் முகம் வரை 165 மி.மீ. என்று இருக்கிறது. என் ரிசீவரில் பின் துளையிலிருந்து வாய் வரை 65 மி.மீ., வாயைத் தாண்டி பம்பர் உதடு நீட்டிக்கொண்டிருப்பது 70. கூட்டினால் 135, ஆக பம்பருக்கும் தூணுக்கும் நடுவே 30 மி.மீ. கிடைக்கிறது. போதும். ரிசீவர் இன்னும் உள்ளடங்கி இருக்கும் வண்டி என்றால் தூண் பம்பரில் உரசும். அப்போது நீட்டிப்புக் குழாய் போடலாமே என்று தோன்றும். போடலாம், ஆனால் பந்து பின்னால் போகப் போக ரிசீவரின் மேல் விழும் நெம்புவிசை கூடுகிறது, அதனால் தயாரிப்பாளர்கள் இழுவைத் திறனைக் குறைத்தே குறிப்பிடுகிறார்கள். அந்தக் குறைந்த எண்தான் அப்புறம் உங்கள் எண்.

பின் கதவையும் திறந்து பாருங்கள், டிரெய்லரை மாட்டிய நிலையிலேயே. கீழ்நோக்கித் திறக்கும் கதவு என்றால், முழுசாக இறங்கும்போது அதன் விளிம்பு டிரெய்லர் முன்சக்கரத்தின் கைப்பிடியில் போய் இடிக்கலாம். என் பெட்டி டிரெய்லரில் கதவு விளிம்புக்கும் கைப்பிடிக்கும் 40 மி.மீ.தான் மிச்சம், கைப்பிடியைப் பக்கவாட்டில் திருப்பி வைத்தால் கவலையில்லை. வண்டியை ஒடித்து ரிவர்ஸ் எடுக்கும்போது இழுவைச் சட்டத்தின் தோள் பம்பர் மூலையைத் தொடுகிறதா என்பதையும் ஒருவரை வெளியே நிறுத்தி, ஆமை வேகத்தில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

இந்த மவுண்டின் ஒரே உண்மையான குறை என்று நான் சொல்வது அதன் தூண். ஆறு இன்ச் இறக்கத்துக்கு இடம் வேண்டும் என்பதால் தூணின் நீளம் 220 மி.மீ. தலையை எந்தத் துளையில் வைத்தாலும் தூண் அப்படியே தொங்கிக்கொண்டுதான் இருக்கும். 545-இல் 220 போனால் தரைக்கு 325 மி.மீ. படகை இறக்கும் சரிவுப் பாதையில், வண்டியின் பின்சக்கரம் சரிவில் இறங்கி முன்சக்கரம் மேலே இருக்கும்போது ஒன்றும் ஆகாது. திரும்பி ஏறி வரும்போது, முன்சக்கரம் சரிவிலும் பின்சக்கரம் சமதளத்திலும் இருக்கும் இடங்களில்தான் தூணின் நுனி தரையை முத்தமிடும். ஏற்றம் தேவைப்படுபவர்கள் இதைத் தலைகீழாகத் திருப்பிப் போடலாம், அப்போது தூண் மேல்நோக்கி நிற்கும். டிரெய்லர் இல்லாத நாளில் கழற்றி வைத்துவிடுங்கள்.

எடைக் கணக்கில் யாரும் கோட்டைவிடக் கூடாது. மவுண்டின் மேல் 3629 கிலோ என்று பொறித்திருக்கிறது. அது 8000 பவுண்டு. பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ஆனால் என் 50 மி.மீ. பந்தின் தலையில் இருப்பது 1588 கிலோ, அதாவது 3500 பவுண்டு. வண்டியின் கையேடு ஒரு எண் சொல்லும், ரிசீவரின் தகடு ஒரு எண் சொல்லும், கப்ளரில் ஒரு எண். எல்லாவற்றிலும் எது குறைவோ அதுதான் இழுக்க அனுமதி. சில ரிசீவர் தகடுகளில் கிலோவோடு டி மதிப்பும் (இணைப்பு தாங்கும் இழுவிசை) போட்டிருப்பார்கள், கிலோநியூட்டன் கணக்கில். வண்டியின் மொத்த எடையையும் டிரெய்லரின் மொத்த எடையையும் டன்னில் எடுத்துக்கொண்டு, இரண்டையும் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்து, 9.81-ஆல் பெருக்க வேண்டும். வண்டி 2.5 டன், டிரெய்லர் 1.5 டன் என்றால் 3.75-ஐ 4-ஆல் வகுத்தால் 0.9375, 9.81-ஆல் பெருக்கினால் 9.2 கிலோநியூட்டன். தகட்டில் 11 என்று இருந்தால் நிம்மதியாகப் போகலாம், 8 என்றால் வேண்டாம்.

பந்தின் மேல் நேராக விழும் எடை இதிலிருந்து தனி. குளியலறை எடைக்கருவியின் மேல் ஒரு பலகையைப் போட்டு, அதன் மேல் கப்ளருக்கு முட்டுக்கொடுக்க மரத்துண்டை நிறுத்தி, டிரெய்லரை மட்டமாக வைத்துப் பார்த்தேன். 84 கிலோ. என் ரிசீவரில் அனுமதி 100. கருவியின் அதிகபட்சத்தை முன்கூட்டியே பாருங்கள். கனமான டிரெய்லரை அதன் மேல் இறக்கினால் கருவி போய்விடும்.

வால் ஆட்டத்தை அடக்க உராய்வு வகை ஸ்டெபிலைசர் கப்ளர் வைத்திருப்பவர்கள் இந்த மவுண்டை வாங்கும் முன் யோசிக்க வேண்டும். அந்த வகைக் கப்ளரின் உடல் பெரிது. பந்தின் கழுத்து நீளமாக இருந்தால்தான் திரும்பும்போது தளத்தில் இடிக்காது. இதோடு வரும் பந்துகள் குட்டைக் கழுத்து. அதோடு, அந்தக் கப்ளருக்குப் பந்தில் கிரீஸும் இருக்கக்கூடாது, பெயிண்டும் இருக்கக்கூடாது. உராய்வுதானே அதன் வேலையே. சாதாரணக் கப்ளருக்கு நேர்மாறு, ஒரு பூச்சு கிரீஸ் தடவினால் நல்லது. 

கூடவே வாங்கிய சில்லறைச் சாமான்களில் இரண்டைப் பற்றி மட்டும். டிரெய்லரின் முன்சக்கரக் குழாயைப் பிடிக்கும் கவ்வி: குழாயின் வெளிவிட்டத்தை அளந்து வாங்குங்கள், பொதுவாகக் கிடைப்பவை 34, 42, 48, 60 மி.மீ. 42 குழாயை 48 கவ்வியில் போட்டு எவ்வளவு முறுக்கினாலும் நழுவும். இன்னொன்று டிரெய்லரின் 7 முனைப் பிளக்கை வண்டியின் 13 முனைச் சாக்கெட்டில் மாட்ட உதவும் மின் அடாப்டர். வேலை செய்கிறது, இண்டிகேட்டர், பிரேக் விளக்கு, பின்விளக்கு, பனி விளக்கு எல்லாம் எரிகின்றன. ஆனால் இந்த வகை 7 முனைப் பிளக்கில் நிரந்தர மின்சாரத்துக்கு இடம் கிடையாது. 13 முனைச் சாக்கெட்டின் 9-ஆம் முனையில் அது இருந்தாலும் இந்த அடாப்டர் வழியாக டிரெய்லருக்குப் போகாது. டிரெய்லரில் பேட்டரியோ குளிர்பெட்டியோ இருப்பவர்கள் 13 முனைக் கேபிளுக்கே மாறிக்கொள்ள வேண்டும். கேபிளின் நீளத்தை வண்டி நேராக நிற்கும்போது பார்த்துத் திருப்திப்பட வேண்டாம். முழுசாக ஒடித்துத் திருப்பிய நிலையில், அடாப்டரையும் மாட்டிவிட்டு, வெளிப்பக்கம் இழுபடுகிறதா, நேராக வந்ததும் தரையில் புரள்கிறதா என்று இரண்டையும் பாருங்கள். பாதுகாப்புச் சங்கிலிக்கும் இதே சோதனைதான்; அவற்றைக் கப்ளருக்கு அடியில் குறுக்காகப் போட்டால், கப்ளர் கழன்றாலும் சட்டம் அதில் விழுந்து நிற்கும்.

என் மதிப்பெண்: மவுண்டுக்கு ஐந்துக்கு நாலரை. அரை மதிப்பெண் தூணுக்காகக் குறைத்தேன். பூட்டும் கவ்வியும் சேர்ந்த முழுத் தொகுப்புக்கு மூன்றரை. பூட்டைத் தனியாக, நீளம் பார்த்து வாங்கிக்கொள்ளும் வசதி இருந்தால் மவுண்டை மட்டும் எடுங்கள். ஒரே டிரெய்லர்தான், உயரமும் மாறப்போவதில்லை என்றால் நிலையான இறக்கமுள்ள ஒற்றை மவுண்ட் போதும். எடை பாதி, தூண் தொங்காது, சத்தமும் குறைவு.